எண்ணச் சொன்னார்

மடத்துக் கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் நல்லபெருமாள் குந்தியிருந்தான். மனைவி செத்த மூன்றாம் மாதம், மகளை மைத்துனன் வீட்டில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவன். அந்த மைத்துனன் தணிகாசலம்தான் இப்போது வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தான், உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும். மங்கைக்குப் பத்து வயசு. அம்மா போனதுக்கு அழுது முடிச்சுட்டா. உங்களுக்கு அழணுமா வேண்டாமான்னு தெரியாம நிக்குறா. வர்றேன், வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிடுறேன்."

நல்லபெருமாள் மூச்சை அடக்கிக்கொண்டான்.

தண்ணீர் இறைக்க வந்த சமையற்காரி அவனைப் பார்த்தாள். "முழங்கால் வெளியே தெரியுது சாமி. இழுத்துக்குங்க" என்றாள்.

இழுத்துக்கொண்டான். காது எரிந்தது.

மறுநாள் அவனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. விடியும்போது குருவோடு கடலுக்குக் குளிக்கப் போனான். குரு அவனைவிட எட்டு வயது இளையவர். பேச்சு குறைவு.

"மைத்துனன் வந்தானாமே?"

"வந்தான் சாமி. பந்தம் அறுத்தவன் எதுக்குப் பார்க்கணும்?"

"ஒளிஞ்சியாமே?"

நல்லபெருமாள் நடையை எட்டிப் போட்டான்.

கரை மேட்டில் ஒரு கடலாமை குழி பறித்து, அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தது. அதைக் கண்டதும் அவனுக்குப் பேச்சு வந்தது.

"இதைப் பாருங்க சாமி. முட்டையைப் போடும், மூடும், கடலுக்குப் போயிடும். திரும்பிக்கூடப் பார்க்காது. இதுக்கு இருக்கிற வைராக்கியம் எனக்கு இருக்கக்கூடாதா?"

"எண்ணு."

"எதை?"

"முட்டையைத்தான்."

மணலில் குப்புறப் படுத்து எண்ணினான். ஆமை குழியை மூடி, உடம்பால் அமுக்கி, கடலுக்குள் போய் மறைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"நூத்திப் பன்னிரண்டு சாமி."

"எத்தனை தேறும்?"

நல்லபெருமாள் கடற்கரையில் பிறந்தவன். யோசிக்கவே இல்லை. "நாய் தோண்டும். குஞ்சைக் காக்கா கொத்தும். தண்ணிக்குள்ள மீன் தின்னும். ஒண்ணு தேறினா பெரிசு."

"உனக்கு எத்தனை?"

அவன் எழுந்து மேலில் ஒட்டிய மணலைத் தட்டினான். மணல் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

"கேட்டேன்."

"ஒண்ணு."

குரு துண்டைக் கரையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"இன்னும் நூத்திப் பதினொண்ணு பெத்துட்டு வா. காவி தர்றேன்."