படகோட்டியின் பெயர்

சிகாமணிக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் நூர்ஜஹான். திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். முட்டிவலிக்குப் போன இடத்தில்தான் சிகாமணி அவளைப் பார்த்தார். காலை மடக்கி நீட்டச் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழமை என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டாள்.

அவர் நில அளவைத் துறையில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். "காலையில பேப்பர் படிப்பேன். சாயங்காலம் மறுபடி அதே பேப்பரைப் படிப்பேன்" என்றார்.

"அப்ப எங்க விளையாட்டுக்கு வாங்க."

கூட ஆடும் செபஸ்தியானின் பேக்கரி மாடியில், பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடமாடுவார்கள். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். ஒன்று விழுந்தால் போச்சு.

முதல் நாளே சிகாமணி வைத்தியனாகி ஒரு ராட்சசனுக்குப் பல் பிடுங்கினார். இறங்கிப் போகும்போது மாடிப்படியில் முட்டி வலித்ததா என்பதே அவருக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம், ஒரு ஞாயிறு தவறவில்லை. கதை நடத்தும் நூர்ஜஹானை விளையாட்டாகக் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். போகப்போக அது விளையாட்டாக இல்லை.

ஒருநாள் அவள் சொன்னாள். "எனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் சேரணும்."

டியூஷன் டீச்சர் மெய்யம்மை பகடையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "அப்ப இதோட முடிச்சுக்கலாம். உன்னை விட்டா யாருக்கு நடத்தத் தெரியும்?"

"நான் நடத்தறேன்" என்றார் சிகாமணி. சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் வந்தது.

மூன்று வாரம் உட்கார்ந்து கதை எழுதினார். மழையைத் திருடி ஒளித்து வைத்த ராஜா. அவனுக்கு ஏழு சுற்றுக் கோட்டை. நாற்பது பக்க நோட்டு. மதில் ஒவ்வொன்றுக்கும் நீளம், உயரம், எல்லைக்கல் உட்பட வரைபடம். பழைய உத்தியோகம் கையை விட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூர்ஜஹான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சிகாமணி தொடங்கினார்.

"ஆத்தங்கரை. ஒரு படகு நிக்குது. அக்கரையில கோட்டை."

திருடன் வேடத்தில் இருந்த செபஸ்தியான் கேட்டான். "படகோட்டி அண்ணே, உங்க பேர் என்ன?"

சிகாமணி நோட்டைப் புரட்டினார். "அவன் பேசமாட்டான். ஏறுங்க."

ஏறினார்கள். இறங்கினார்கள். முதல் மதில், இரண்டாம் மதில். இடப்பக்கம் போகலாமா என்று கேட்டாள் மெய்யம்மை. அங்கே ஒன்றுமில்லை, வலப்பக்கம் வாருங்கள் என்றார். நான்காம் மதிலில் செபஸ்தியான் கொட்டாவியை அடக்கினான். ஐந்தாம் மதிலில் மெய்யம்மை போனைப் பார்த்தாள்.

"நல்லாருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு இருவரும் கீழே போனார்கள். அந்த வார்த்தைதான் சிகாமணியைச் சுட்டது. நன்றாக இருந்த நாளில் ஒருவரும் அப்படிச் சொன்னதே கிடையாது. கத்திக்கொண்டேதான் படியிறங்குவார்கள்.

"குருவே, நான் எங்க தப்பு பண்ணேன்?"

"படகோட்டி பேர் என்ன சார்?"

"நோட்டுல இல்லையேம்மா."

"நோட்டுல பார்க்கச் சொல்லலையே."

"கோட்டைக்குள்ள எவ்வளவோ வச்சிருந்தேன். இவங்க படகுலயே நின்னுட்டா கதை என்னாகிறது?"

அவள் நோட்டை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் மறுபடியும் ஆத்தங்கரையில ஆரம்பிங்க. நானும் ஆடறேன்."

"நோட்டு இல்லாமலா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த வாரம் வந்தது. அவள் ஊரில் இருக்கப்போகும் கடைசி ஞாயிறு அது. சிகாமணி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆத்தங்கரை" என்றார். "படகு நிக்குது."

"நான் உப்பு விக்கிற கிழவி" என்றாள் நூர்ஜஹான். "கழுதையோட வந்திருக்கேன்."

செபஸ்தியான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே... உங்க பேர்?"

சிகாமணியின் கை இல்லாத நோட்டைத் தேடியது.

"மாடக்கண்ணு."

எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று அவருக்கே தெரியாது.

"எத்தனை வருசமா ஓட்டுறீங்க?"

"முப்பது வருசம். ஆனா அக்கரையில ஒரு தடவைகூடக் காலை வச்சதில்லை."

மெய்யம்மை முன்னால் சாய்ந்தாள். "ஏன்?"

ஏன்? சிகாமணி யோசித்தார். "நான் இறங்கிட்டா படகை யாரு பார்த்துக்குவா?"

செபஸ்தியான் மேஜையில் ஓங்கித் தட்டினான். "நான் பார்த்துக்கறேன்! திருடன்தான், ஆனா வாக்கு மாற மாட்டேன். துடுப்பைக் குடுங்க. இன்னிக்கு நீங்க உக்காந்து வாங்க."

"முதல்ல என் கழுதை ஏறணும்" என்றாள் கிழவி.

"ஏறுமா? உருட்டும்மா."

உருட்டினாள். ஒன்று.

எல்லோரும் 'ஐயோ' என்றார்கள். சிகாமணி பகடையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஏறிடுச்சு. சமர்த்தா ஏறிடுச்சு. நடு ஆத்துக்கு வந்ததும், ஒரு ஓரமாப் போய்ப் படுத்துக்கிச்சு."

படகு சாய்ந்தது. "என் உப்பு! என் உப்பு கரையுது!" என்று நூர்ஜஹான் அலறினாள். இத்தனை வருடமும் எல்லாப் பிரச்சினையையும் வாளாலேயே தீர்த்த மெய்யம்மையின் வீராங்கனை, வாளை ஆற்றில் எறிந்துவிட்டுக் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எந்திரிடி என் தங்கம், எந்திரி!" செபஸ்தியான் பகடையில் பத்தொன்பது போட்டான். நாற்காலி மேல் ஏறி நின்று, மூலையில் இருந்த ஒட்டடைக் குச்சியைத் துடுப்பாகப் போட்டான். கீழே பப்ஸ் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நூர்ஜஹான் சிரித்துச் சிரித்துத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரு இப்படிச் சிரித்து சிகாமணி பார்த்ததில்லை.

"கரை தட்டிடுச்சு" என்றார்.

சத்தம் அடங்கியது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"மாடக்கண்ணு எந்திரிக்கிறான்." சிகாமணியும் எழுந்து நின்றிருந்தார். "ஒரு காலைத் தூக்கி மணல்ல வைக்கிறான்."



"எப்படி அண்ணே இருக்கு?" என்று கேட்டான் செபஸ்தியான்.

"சுடுதுடா தம்பி. நல்லாச் சுடுது."

மணி ஆறாகியிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஓர் ஆற்றைக் கடந்திருந்தார்கள். செபஸ்தியானும் மெய்யம்மையும் கழுதைக்குப் பெயர் வைப்பதில் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். சத்தம் தெருவரை கேட்டது.

நூர்ஜஹான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சிகாமணி அதைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குருவே, படகை விட்டு இறங்கினவன் இனிமே எங்க போவான், என்ன செய்வான், எனக்கே தெரியலையேம்மா. தெரியாம எப்படி நடத்தறது?"

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும் தெரியல சார். அதனாலதான் அடுத்த சனிக்கிழமை ஓசூர்ல திருச்சி பஸ் ஏறப்போறேன்."