சாட்சிக்கு ஒருவர்

ஜெசிந்தா கொரைராவிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு அறுபது வயது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காப்புரிமை முகவர் தேர்வு எழுதித் தேறி, கோவையில் அந்தத் தொழிலில் பெயரெடுத்திருந்த ஜெசிந்தாவைத் தேடி வந்தார். ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆவுடையப்பன் அவரை மேடம் என்பார், ஜெசிந்தா இவரை சார் என்பார். யார் யாரிடம் கற்கிறார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பல்லடத்துச் சென்னியப்பன் வந்தார். சொட்டுநீர்க் குழாய் தயாரிப்பவர். உப்புத் தண்ணீர் பாயும் வயல்களில் குழாயின் துளைகள் அடைத்துக்கொள்ளும். அவர் துளைக்குள் ஒரு சிறு ரப்பர் நாக்கை வைத்தார். மோட்டார் போட்டதும் அது துடித்து உப்பைத் தட்டிவிடும். அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டிருந்தார். வேறொரு நாட்டுக்காரர் அவருக்குச் சில மாதங்கள் முன்னாலேயே அதையே கேட்டிருந்தார்.

அமெரிக்கச் சட்டம் இப்போது மாறிவிட்டது. அந்த நாட்களில் அங்கே முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. ஆனால் தான் முந்தியவன் என்பதைப் பின்னால் விண்ணப்பித்தவர்தான் நிரூபிக்க வேண்டும். தோற்றால், சென்னியப்பன் தன் குழாயை அங்கே விற்க முன்பின் தெரியாத ஒருவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

அவர் வரைபடங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது.

"தேதியை யார் போட்டது?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"நானேதாங்க."

"நீங்க இல்லாம வேற யாராவது இதைப் பார்த்து, இன்னதுன்னு புரிஞ்சுக்கிட்டவங்க உண்டா?"

யாருக்கும் காட்டவில்லை என்றார் சென்னியப்பன். பார்த்தால் அதேபோல் செய்து விற்றுவிடுவார்கள் என்று பயம். கொட்டகையைப் பூட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். ரப்பர் நாக்குக்கு அச்சு வார்த்தவர்களுக்குக்கூட அது எதற்கென்று தெரியாது.

கண்டுபிடித்தவர் சொல்வதை மட்டும் வைத்து அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தேதியை ஏற்காது என்று ஜெசிந்தா விளக்கினார். சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். தன் ஃபோர்மேன் விசுவாசமானவர், அன்றைக்கே பார்த்ததாக அவர் கையெழுத்துப் போடுவார் என்றார்.

சென்னியப்பன் போன பிறகு ஆவுடையப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவர் பொய் சொல்லலை மேடம். அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியுது. நடந்த ஒண்ணுக்குத்தானே ஃபோர்மேன் கையெழுத்துப் போடப்போறார்?"

ஜெசிந்தா ஃபோர்மேனை முதலாளியோடு வரச் சொன்னார்.

இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா அந்த ரப்பர் நாக்கை மேசைமேல் வைத்து, இதை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று ஃபோர்மேனிடம் கேட்டார். அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தேதியைச் சொன்னார். சரியான தேதிதான்.

ஜெசிந்தா அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்த ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க முகத்தைப் பார்க்காம பதில் சொல்றவங்க வேணும். உங்களோட சண்டை போட்டவங்க யாராவது உண்டா?" என்று ஜெசிந்தா சென்னியப்பனைக் கேட்டார்.

சென்னியப்பன் அரைமனதோடு ஒரு பெயரைச் சொன்னார். திருமூர்த்தி. தொழிலில் கூட்டாளியாக இருந்தவர். கூட்டாளி என்ற உரிமையில் ஒருநாள் கொட்டகைக்குள் வந்து பார்த்துவிட்டு, இது ஆகாது, இதில் காலத்தை விடாதே என்றார். வாய்ச்சண்டை முற்றியது. அதோடு விலகிப் போய்விட்டார். அதே வாரம் ஓர் அச்சு காணாமல் போயிற்று. திருமூர்த்திதான் எடுத்துப்போனார் என்று சென்னியப்பன் தொழில்காரர்கள் சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு திருமூர்த்தியை யாரும் வேலையில் சேர்க்கவில்லை. அவர் தாராபுரம் போய் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுக்கும் கடை வைத்தார்.

"அச்சு அப்புறம் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. கொட்டகையிலேயே, தகரத்துக்குப் பின்னாடி."

"சங்கத்துல சொன்னீங்களா?"

சென்னியப்பன் இல்லையென்று தலையசைத்தார்.

"அதை முதல்ல போய்ச் சொல்லுங்க. வழக்கைப் பத்தி அங்கே ஒரு வார்த்தை வேண்டாம். அவர் சாட்சிக்கு வருவார்னு நான் சொல்லலை. வராமலும் போகலாம்."

சென்னியப்பன் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். சொல்லி முடித்தபோது யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று பிறகு ஆவுடையப்பனிடம் சொன்னார்.

ஆவுடையப்பன் தனியாகத் தாராபுரம் போனார். அவர் வந்த காரியத்தைத் திருமூர்த்தி செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார். சென்னியப்பன் பேசியது காதுக்கு வந்தது என்றார். அதைக் கேட்டுத் தன் மனைவி அழுதாள் என்றார். அவன் வீட்டு வாசலை இனியும் மிதிக்கப்போவதில்லை என்றார். அப்புறம் கம்பியைக் கீழே வைத்தார்.

"பார்த்தேனுங்க. பார்த்தேன்னு சொல்றேன். இது ஆகாதுன்னு சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

ஆவுடையப்பன் கவலையோடு திரும்பினார். நம் சாட்சியே இது வேலைக்கு ஆகாது என்று சொன்னால் வழக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

"ஏன் ஆகாதுன்னாராம்?" என்றார் ஜெசிந்தா.

"உப்பு பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப்போகும்னாராம்."

"அப்போ ரப்பரைப் பார்த்திருக்கார், எதுக்குன்னு புரிஞ்சும் இருக்கார்."

சாட்சியத்தைப் பதிந்து அமெரிக்காவுக்கு அனுப்ப, விசாரணை சென்னையில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருந்தார். தேதி எப்படி இவ்வளவு உறுதியாக நினைவிருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்டார். ரப்பரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அன்றைக்குத்தான் மகள் பிறந்தாள் என்றார் திருமூர்த்தி. பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினார்.

வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு வைத்தார். சென்னியப்பன்மேல் உங்களுக்குக் கோபம் உண்டா என்று கேட்டார்.

"உண்டுங்க."

"இன்னுமா?"

"இன்னும் இருக்குங்க."

"பிறகு ஏன் அவருக்காக வந்தீர்கள்?"

"அவருக்காக வரலைங்க. பார்த்ததைச் சொல்ல வந்தேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் கண்களைத் துடைத்துக்கொண்டார். திருமூர்த்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

திருமூர்த்தி பார்த்த நாளிலிருந்து விண்ணப்பித்த நாள்வரை வேலை நிற்கவில்லை என்பதையும் காட்ட வேண்டியிருந்தது; அதற்கு அச்சுப் பட்டறைகளின் ரசீதுகள் இருந்தன. அடுத்த கோடையில் தீர்ப்பு வந்தது. முதலில் கண்டுபிடித்தவர் சென்னியப்பன் என்றே இருந்தது. திருமூர்த்தி சொன்னதை நம்பாதிருக்கக் காரணம் எதுவும் இல்லை என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

ஆவுடையப்பன் தீர்ப்பை இரண்டு முறை படித்தார். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"மேடம், திருமூர்த்தி வரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"தோத்திருப்போம்."

"முதல்ல கண்டுபிடிச்சது இவர்தானே?"

"இவர்தான்."

"அப்போ உண்மை என்ன ஆகியிருக்கும்?"

ஜெசிந்தா தீர்ப்பை வாங்கி மடித்து வைத்தார்.

"இருந்திருக்கும் சார். தனியா இருந்திருக்கும்."