மூன்று வாய்தா தவறிய எருமை வழக்கு

உங்கள் கொள்ளுப்பாட்டனுக்குப் பால்பல்கூட முளைக்காத காலம் அது. கொத்தங்குடி மன்றத்தில் ஆதனார் என்றொரு நடுவர் இருந்தார்.

ஆற்றுக்கு அக்கரையில் மோர் விற்றுப் பிழைத்தவள் வீராயி. அவளுக்கு இருந்ததே ஒரு எருமை. வெள்ளம் வந்த அன்று அது காணாமல் போனது. தேடி அலைந்து பார்த்தால், இக்கரைத் தோட்டக்காரன் செங்கோடனின் கொட்டிலில் நிற்கிறது!

"சந்தையில வாங்கினேன், போடி!" என்று விரட்டிவிட்டான். வீராயி வழக்குத் தொடுத்தாள்.

தொடுத்தவள் ஒழுங்காக வந்தாளா? அதுதான் இல்லை! முதல் வாய்தாவுக்கு வரவில்லை. இரண்டாம் வாய்தாவுக்கு வரவில்லை. மூன்றாம் வாய்தாவுக்கும் வரவில்லை. நான்காவதற்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

செங்கோடன் குதித்தான். "மூணு தரம் மன்றத்தை ஏமாத்தினவ, ஐயா! வழக்கைத் தள்ளுங்க!"

தள்ளினால் எருமை போச்சு. எருமை போனால் வீராயி வீட்டில் அடுப்பு எரியாது.

நடுவர் அவசரப்படவில்லை. "முதல் தரம் ஏன் வரலை, அம்மா?"

"மறுபடி வெள்ளம், சாமி. பரிசல் விடலை."

"இரண்டாம் தரம்?"

"காய்ச்சல். வைத்தியரையே கேளுங்க." கூட்டத்தில் இருந்த வைத்தியர் தலையாட்டினார்.

"மூன்றாம் தரம்?"

வீராயி நெளிந்தாள். "பொம்மலாட்டம் பார்க்கப் போயிட்டேன், சாமி."

மன்றமே சிரித்தது.

"வெள்ளமும் காய்ச்சலும் உன் குற்றமில்லை. பொம்மலாட்டம் உன் குற்றம்தான்," என்ற நடுவர், செங்கோடன் பக்கம் திரும்பினார். "இவள் தாமதத்தால் உனக்கு என்ன கெட்டது? உன் சாட்சி எவனாவது செத்தானா? ஊரைவிட்டுப் போனானா?"

ஒன்றும் கெடவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனசு வருமா அவனுக்கு? எங்கே நிறுத்துவது என்று தெரியாத மடையன், ஏற்றிக்கொண்டே போனான். "வைக்கோல் ஒரு போர்! புண்ணாக்கு ஒரு மூட்டை! பருத்திக்கொட்டை ஒரு மூட்டை! அத்தனையும் தின்னு தீர்த்துடுச்சு!"

"பாலைக் குடிச்சது யாரு, அண்ணே?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

செங்கோடனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "போங்கடா! இவ முதல் வாய்தாவுலயே வந்து தன் எருமையை ஓட்டிப் போயிருந்தா, எனக்கு இந்தக் கேடு உண்டா?"

"யார் எருமையை?" என்றார் நடுவர்.

செங்கோடன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எருமை வீராயிக்கே என்று தீர்ப்பானது. பொம்மலாட்டம் பார்த்த குற்றத்துக்கு, மூன்று நாள் மன்றத்தார் எல்லாருக்கும் அவள் மோர் ஊற்ற வேண்டும்.

"இஞ்சி தட்டிப் போடு, அம்மா," என்றார் நடுவர்.

ஆகவே மக்களே, தாமதமானது என்பதற்காக மட்டும் ஒருவர் வழக்கைத் தள்ளாமல், ஏன் தாமதமானது, அதனால் யாருக்கு என்ன கெட்டது என்று விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.