கற்பூரச் சத்தியம் கேட்ட ராஜா

ஒரு காலத்திலே செம்மணல் நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடச் சந்தேகப்பட்டான் என்பதே சரி. யாராவது கும்பிட்டால், "இவன் ஏன் இவ்வளவு குனிகிறான்?" என்பான். கும்பிடாவிட்டால் கேட்கவே வேண்டாம்! தான் பெரிய கவி என்பதில் மட்டும் அவனுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

அந்தச் சந்தேகப் புத்திக்குத் தினமும் தூபம் போட்டவர் கோயில் அதிகாரி மார்க்கசகாயர். ஆவுடையம்மாள் என்ற வாத்தியாரம்மா நடத்திய பள்ளிக்கூடம் அவர் கண்ணை உறுத்தியது. அங்கே சைவர் வீட்டுப் பிள்ளை, சமணர் வீட்டுப் பிள்ளை, ராவுத்தர் வீட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தன.

"மகாராஜா, அங்கே நம் சாமியைச் சொல்லிக் கொடுப்பதில்லை. சாமிக்குப் பயப்படாத பிள்ளை, நாளைக்கு உங்களுக்கு எப்படிப் பயப்படும்?" என்று ஓதினார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "எல்லாப் பிள்ளைகளும் தினமும் நம் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, 'நம் சாமியையே நம்புவேன்' என்று சத்தியம் செய்யவேண்டும். மறுத்தால் பள்ளிக்குப் பூட்டு! வாத்தியாரம்மா பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டவேண்டும்" என்று ஆணை எழுதவைத்தான்.

ஆவுடையம்மாள் நெற்றி நிறையத் திருநீற்றோடு சபைக்கு வந்தாள். போக்கிடம் இல்லாதவள் பாவம், ஆனாலும் சொன்னாள்: "மாட்டேன் ராஜா. தினமும் அணைச்சா பிள்ளைங்களுக்குச் சத்தியமே விளையாட்டாப் போயிடும்."

மந்திரி பூவராகன் எழுந்தார். "அரசே, முதலில் பெரியவர்கள் செய்து காட்டட்டுமே! 'ராஜாவிடம் பொய் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்' என்று சபையே சத்தியம் செய்யட்டும்."

"இதில் உனக்கென்ன லாபம்?" என்று முறைத்தான் ராஜா. ஆனாலும் கற்பூரத் தட்டு வந்தது. மார்க்கசகாயர் முந்திக்கொண்டு அணைத்தார். மற்றவர்களும் வரிசையாக அணைத்தார்கள். ஆவுடையம்மாள் மட்டும் கை நீட்டவில்லை.

"பார்த்தீர்களா, திருட்டு முழியை!" என்று துள்ளினார் மார்க்கசகாயர்.

"நானும் கும்பிடுறவதான். அதான் கை வரலை," என்றாள் அவள். "போன பொங்கலுக்கு ராஜா கவி படிச்சீங்க. பிரமாதம்னு சொன்னேன். அது பொய். பயந்துபோய்ச் சொன்னேன்."

அடேயப்பா! ராஜா முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பூவராகன் சட்டென்று ஓடி, காலையில் தன்னிடம் வந்த ஓலை ஒன்றை அவன் கையில் திணித்துக் காதில் சொன்னார்: "உங்கள் புதுக் கவி என்று சொல்லி இதைப் படியுங்கள். யார் பொய்யர் என்று தெரியும்."

ராஜா இழுத்து இழுத்து ராகம் போட்டான்: "கரும்பு நாலு கட்டு... தென்னை மட்டை எட்டு..."

"ஆஹா! கரும்பென்று காதலைச் சொல்லிவிட்டாரே!" என்றார் ஒருவர்.

"பெரிய கொம்பனுக்கு வயிற்றுப்போக்கு... கஷாயம் இரண்டு குடம்..."

மார்க்கசகாயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆன்மாவின் தவிப்பு, மகாராஜா! தெய்வ வாக்கு!"

"ஓய், இது யானைக் கொட்டடியிலிருந்து வந்த தீனிக் கணக்கு ஓலை ஐயா!" என்று கத்தினான் ராஜா.

"கற்பூரச் சூடு இன்னும் இவர்கள் கையில் ஆறவில்லை அரசே," என்றார் பூவராகன். "இவர்கள் பயந்தது சாமிக்கா, உங்களுக்கா?"

ராஜா வெட்கிப்போனான். ஆவுடையம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "அம்மா, சாமி பேரைச் சொல்லி நல்லது சொல்லிக் கொடுக்கவே கூடாதா?"

"தாராளமாச் சொல்லலாம். எங்கம்மா மடியில வச்சுச் சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். பள்ளியிலயும் பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுச் சாமி கதையச் சொல்லும், மத்ததுங்க கேட்கும். அதிகாரத்தால நம்ப வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ராஜா ஆணையைக் கிழித்துப் போட்டான். பள்ளிக்குக் கல்கட்டிடம் கட்டித் தருவதாகச் சொன்னான். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். மார்க்கசகாயரைப் பார்த்து, "நீர் ஒரு வருஷம் அந்தப் பாயில் உட்கார்ந்து படியும்!" என்றான்.

மார்க்கசகாயர் ஆவுடையம்மாளிடம் ஈனக்குரலில் கேட்டார்: "அங்கே சேர்வதற்குச் சத்தியம் ஏதாவது...?"

"ஒண்ணும் வேண்டாம் ஐயா. பொய் சொன்னா பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களே கண்டுபிடிச்சிடும்."