செம்புக் கம்பிக்குப் போட்ட தோடு

அந்தக் காலத்தில் மின்னலும் காற்றும் மனிதரோடு வாய் கொடுத்துப் பேசும். மலை உச்சியில் நிற்கும் மின்னல், கடலில் பேரலை எழுவதைக் கண்டால் செம்புக் கம்பி வழியாக ஓடிவந்து கரையில் இருந்த குப்பத்து மணியை அடிக்கும். மலையிலிருந்து வரும் கம்பியும் கரைக்குப் போகும் கம்பியும் நடுவழியில் மேட்டில், பூரணியின் வீட்டு வாசலில் தொட்டுக்கொண்டன. அந்த மூட்டு சுத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது பூரணியின் வேலை.

உப்புக்காற்று ஒரு வெட்கங்கெட்ட விருந்தாளி. அழைக்காமலே வந்து செம்பின்மேல் உட்கார்ந்து பச்சைக் களிம்பைப் பூசிவிட்டுப் போகும். தினமும் காலையில் பூரணி புளி போட்டுத் தேய்ப்பாள்.

ஒருநாள் மின்னல் சொன்னது: "அக்கா, களிம்பு ஏறிக்கிட்டே போவுது. எனக்குக் கால் வைக்க இடமில்ல. வெள்ளி வச்சாலும் கறுத்துப்போகும். மூட்டுல பொட்டுத் தங்கம் வையி. அதுகிட்ட இந்தக் காத்தோட வேலை நடக்காது."

பூரணியிடம் பொட்டுத் தங்கம் இருந்தது. மகள் தாழையின் காதுகுத்துக்காகச் சேர்த்தது.

"நல்லாயிருக்கு நியாயம்! எம்புள்ள காதுல வேப்பங்குச்சியோட நிக்கணும், கம்பிக்கு நான் தோடு போடணுமா? புளி போட்டுத் தேய்ச்சுக்கிறேன், நீ போ."

எந்தத் தாய்தான் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்?

காதுகுத்து நடந்தது. உறவெல்லாம் வந்து சாப்பிட்டுப் போனது. அந்த அமளியில் மூட்டைத் தேய்க்க அவளுக்கு நினைவில்லை. காற்று ஆசைதீரப் பூசியது. மறுநாள் தாழை, புதுத்தோட்டைத் தோழிகளிடம் காட்டக் கரைக்கு ஓடினாள்.

அன்றுதான் கடல் எழுந்தது. மலையிலிருந்து பாய்ந்து வந்த மின்னல், களிம்பில் முட்டி நின்றது.

"அக்கா, அலை வருது! தேய்! சீக்கிரம் தேய்!"

பூரணி புளியும் கையுமாக ஓடிவந்து நகம் கிழியத் தேய்த்தாள். ஓடிப்போய்ச் சொல்லக் கரை பக்கத்தில் இல்லை. மின்னல் ஒரு எட்டு வைத்தால் போதும், வைக்க முடியவில்லை. மணி அடிக்கவே இல்லை. அலை குப்பத்தை வாரிக்கொண்டு போனது.

கடல் திருப்பித் தந்த உடல்களில் எந்த முகமும் முகமாக இல்லை. ஒரு சிறுமியின் காலில் வெள்ளிக் கொலுசு கறுத்திருந்தது. அரைஞாணில் செம்புத் தாயத்து பச்சையாகியிருந்தது. காதில் தோடு மட்டும் போட்ட அன்று போலவே பளபளத்தது. அதை வைத்துத்தான் அது தாழை என்று தெரிந்தது. பூரணிக்கு அந்தத் தோட்டின்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அதைக் கழற்றினாள். கல்லில் வைத்து, வெங்காயச் சருகாக மெலியும்வரை அழுதபடியே தட்டினாள். களிம்பைச் சுரண்டி, கம்பிகள் தொடும் இடத்தில் சுற்றினாள். மின்னல் தங்கு தடையில்லாமல் கடந்து போனது. கரையில் அலைக்குத் தப்பி நின்ற மணி அடித்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.

அன்று முதல்தான், சேதி சுமந்து மின்சாரம் ஓடும் கருவிகளில், ஒன்றையொன்று தொடும் இடத்தில் துளித் தங்கம் பூசுகிறார்கள். உங்கள் கைப்பேசியின் சிம் கார்டைத் திருப்பிப் பாருங்கள், மஞ்சளாக மின்னும். தாழையின் தோடும் அவ்வளவுதான் இருந்தது.