சூசைராஜின் விசில்

பக்கவாதத்தில் போன பேச்சைத் திரும்பக் கொண்டுவர மாத்திரை கண்டுபிடித்துவிட்டாராம் பெரிய டாக்டர் ஞானவரதன். அதைச் சோதித்துப் பார்க்க அவர் பொறுக்கியெடுத்ததோ, கணீரென்று பேசுகிற ஆட்களை! பேச்சே போன டவுன் பஸ் கண்டக்டர் சூசைராஜ் சக்கர நாற்காலியில் வந்ததும் டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

“பேசாத ஆளுக்குச் சொன்னது புரிஞ்சுதான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

நாற்காலியைத் தள்ளிவந்த மனைவி பிலோமினா சூசைராஜின் கையிலிருந்த விசிலைக் காட்டினாள். “வேண்டாம்னா ஒண்ணு ஊதுவார், சரின்னா ரெண்டு. பஸ்ஸுல போற எல்லாருக்கும் புரியும் சார்.”

ஆய்வைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். டாக்டருக்குச் சுருக்கென்றது. கண்டக்டரை மாட்டிவிட, சம்மதப் பத்திரத்தை எல்லோருக்கும் வாசிக்கும்போது நடுவில் ஒரு வரியைச் சொருகினார்: “மாத்திரை சாப்பிடுகிறவரின் இரண்டு கிட்னியும் ஆஸ்பத்திரிக்கே சொந்தம்.”

“சரிங்கய்யா!” என்றார்கள் பேச்சுக்காரர்கள் அத்தனை பேரும்.

நாற்காலியிலிருந்து நீளமாக ஒரே ஒரு விசில் வந்தது.

“இப்ப சொல்லுங்க டாக்டர், இவரைச் சேர்த்துக்கிறீங்களா, இல்லையா?” என்றார் அதிகாரி.

டாக்டர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

சூசைராஜ் விசிலைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, அவரிடம் நீட்டினார்.