நீர்க்குருவி ஏன் குனிந்து எழுகிறது?

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சில் வம்பளந்த காலத்தில், வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் நன்ட்வென் என்றொரு குக்கிராமம் இருந்தது. ஒரு தேவாலயம், அதற்குச் சற்றுத் தள்ளி ஆற்றோரம் ஒரு யூ மரம், ஏழெட்டு வீடுகள், அவ்வளவுதான் ஊர். அதன் குறுக்கே ஓடிய ஆற்றுக்கு மட்டும் வாய் பெரிது.

ஊரின் கொத்தனார் நெஸ்டா, தேவாலய வாசலுக்கு நேராக அழகழகாய்ப் பாலம் கட்டுவாள். மழை வந்ததும் ஆறு அதை விழுங்கிவிடும். இரண்டு பாலங்கள் போனபின் ஊரார் முகத்தில் விழிக்கவே அவளுக்குக் கூசியது.

ஆற்றின் அடியில் நடந்து இரை தேடும் வெண்மார்பு நீர்க்குருவி ஒருநாள் அவளிடம், "நேரா இருக்கணும்னு மணல் மேலயே கல்லை வைக்கிறீங்களே அக்கா! பாறை யூ மரத்துப் பக்கம்தான் இருக்கு" என்றது.

நெஸ்டா அதை நம்பிப் புதுப் பாலத்தைக் கோணலாகத் திருப்பிக் கட்டினாள். "குடிச்சுட்டா கட்டினே?" என்று மேய்ப்பன் இஃபான் கிண்டலடித்தான்.

கட்டி முடித்த வாரமே வெள்ளம் வந்தது. அக்கரையில் இஃபானும் ஊரின் மொத்த ஆடுகளும் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் அவன் முழங்காலுக்கு ஏறிவிட்டது. பாலத்தில் ஏறலாமா என்று அவன் கையசைத்துக் கேட்டான். அடியில் கல் நகர்ந்திருந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். நெஸ்டாவின் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தது நீர்க்குருவி.

"நான் பாத்துட்டு வரேன் அக்கா."

"வேணாம்டா, செத்துருவே!"

கைப்பிடி அளவுகூட இல்லாத அந்தக் குருவி வெள்ளத்துக்குள் பாய்ந்தது. வெகுநேரம் வெளியே வரவில்லை. நெஸ்டா அழுதேவிட்டாள். அப்புறம் ஆற்று நடுவே ஒரு கல்லில் அது தொற்றி ஏறியது. என்னவோ கத்தியது, ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லாமல், காலை மடக்கிக் குனிந்தது, எழுந்தது, மறுபடி குனிந்தது. பாலம் நிற்கும், நிற்கும்!

நெஸ்டாவுக்குப் புரிந்தது. தானே முதலில் பாலத்தில் ஏறி அக்கரைக்கு ஓடினாள். அவள் திரும்பி வர, பின்னாலேயே ஆடுகள் அத்தனையும் இஃபானோடு இக்கரை சேர்ந்தன. "கோணலே இருக்கட்டும் தாயே" என்றான் இஃபான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் நெஸ்டா பாலத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கல்லை உருவி, அந்தப் பொந்தைக் குருவிக்குக் கூடாகக் கொடுத்தாள். என்ன நெஞ்சுரம் அந்தத் துளி உயிருக்கு!

அன்று முதல்தான் நீர்க்குருவிகள் பாலத்தடியில் குடியிருக்கின்றன. ஆற்றங்கரைக்கு யார் வந்தாலும், கல்லின்மேல் நின்று குனிந்து எழுந்து, பயப்படாமல் கால் வைக்கச் சொல்கின்றன.